சிவப்பு அம்பும் ஒரு டப்பா பொடியும்

ஆசிரியருக்கு,

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், நான்காம் நிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. போன மாதம் அவர் மகன் பாசத்தில் பணம் கட்டி, தனியார் இடம் ஒன்றில் ‘எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை’ எடுக்க வைத்தான். வந்த தாளில் ஒரே ஓர் எண், பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு. கூடவே ஒரு டப்பா பொடி. அன்று இரவு அக்கா கஞ்சியைத் தொடவில்லை. “உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு போட்டிருக்கான் பாரு” என்றார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அந்தத் தாளைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது.

எதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட். உடம்பிலுள்ள லிம்போசைட்களில் ரத்தத்தில் ஓடுவது நூற்றுக்கு இரண்டுதான். மீதி நிணநீர்க் கணு, மண்ணீரல், குடல் என்று உள்ளே கிடக்கிறது. தேக்கா சந்தை வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா? அக்காவின் தாளில் அளந்திருந்தது, லிம்போசைட்டில் ஒரு வகையான ‘இயற்கைக் கொல்லி’ அணுக்கள் மற்ற அணுக்களைக் கொல்லும் வேகம். உயிருள்ள அணுக்களை வைத்துச் செய்யும் சோதனை அது. ரத்தம் கூடத்துக்கு வந்துசேரத் தாமதமானாலே எண் இறங்கிவிடும்.

எண் ஏறினாலும் நம்ப முடியாது. வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களை, அது ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். தாளில் எண்ணிக்கை கூடியிருக்கும், எதிர்ப்போ மந்தமாகியிருக்கும். முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க, காசநோய்க் கிருமியின் புரதத்தை முன்கைத் தோலுக்குள் ஏற்றி, 48 மணி நேரம் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து பார்த்தார்கள். முற்றிய புற்றுநோயாளிகள் பலருக்குத் தடிக்கவில்லை. சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்களுக்கும்தான் தடிக்காது!

2018இல் ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் நோபெல் பரிசு வாங்கியது எதற்காக? எதிர்ப்பு அணுக்களுக்குப் பிரேக் உண்டு, அதை விடுவித்தால் அவை புற்றைத் தாக்கும் என்று காட்டியதற்காக. அந்தச் சிகிச்சையில் அணுக்கள் அளவுக்கு மீறிக் கிளம்பி நோயாளியின் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்குவதுண்டு. ‘கூட்டினால் நல்லது’ என்று பொடி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கீமோ எடுப்பவர் வீட்டில் கவனிக்க வேண்டிய எண் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கிறது. நியூட்ரோஃபில் 0.5க்குக் கீழே, அதாவது ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் கிருமித்தொற்று அபாயம் அதிகம். பெரும்பாலும் ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் 7 முதல் 14 நாளுக்குள் அப்படி இறங்கும். அப்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், பனடோலைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் ஆரோக்கியப் பக்கத்தில் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட’ என்று தலைப்பு வைக்கும் முன், இப்படிப்பட்ட நோயாளிகளும் அதைப் படிக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கீமோ காய்ச்சலைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் புண்ணியமாகப் போகும்.

அக்கா வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த சிவப்பு அம்புத் தாளைக் கிழித்துவிட்டு, ‘38’ என்று பெரிதாக எழுதி, கீழே மருத்துவமனை எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பொடி டப்பா இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மகன் மனம் நோகுமாம், தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார் அக்கா.

ஒரு வாசகி,
தெம்பனிஸ்