ஞாயிறு மாலை வக்கீல் சார் வருகிறார்

கொழிஞ்சாம்பாறை வாசகர்களுக்கு வணக்கம். பாலக்காடு கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நடத்திக்கொண்டே துப்பறியும் கதையும் திரைக்கதையும் எழுதும் நம் வக்கீல் சார், ஞாயிறு மாலை 5 மணிக்கு வாசகசாலையில் பேசுகிறார்.

சினிமாவில் போலீசிடம் ஒருத்தன் வாயைத் திறந்ததும் கதை முடிந்துவிடும். நிஜத்தில் போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. அவன் சொன்னதை வைத்துப் போலீஸ் ஏதாவது கண்டெடுத்தால், அதைக் காட்டிக்கொடுத்த பேச்சுக்கு மட்டும்தான் மதிப்பு. அவர் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சூடுபிடிக்கும்.

தயவுசெய்து, “அந்தக் கொலை கேஸில் உண்மையில் என்ன நடந்தது?” என்று போன தடவை மாதிரி குடையாதீர்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை, கேஸ் முடிந்த பிறகும் வக்கீல் வெளியே விட முடியாது, சட்டமே அப்படி. கதையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

மலையாள நண்பர்களையும் கூட்டி வரலாம். சாயா உண்டு. வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள், நாற்காலி எடுக்க வேண்டும்.