சராசரிக் குணகம் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஃப்.ஜி.எம். (தடிமனில் கலவை படிப்படியாக மாறும் பொருள்) தகடுகள், பீம்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தடிமன் முழுவதற்கும் யங் குணகத்தின், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் எண்ணின், சராசரியை எடுத்துக்கொண்டால் வழக்கமான சூத்திரமே போதும் என்று ஒரு வரி இருந்தது. ஒரு முகம் பீங்கான், மறுமுகம் உலோகம் என்பதுதான் இந்தப் பொருளின் அடிப்படை. தங்களுக்குத் தெரியாததல்ல. அதையே மறந்துவிடச் சொல்லும் வரி தங்கள் பார்வைக்குத் தப்பியது வருத்தமாக இருக்கிறது.

யங் குணகம் உலோகமான அலுமினியத்துக்கு 70, பீங்கானான அலுமினாவுக்கு 380 ஜிகாபாஸ்கல். கலவை மாறும் விதத்தைக் குறிக்கும் அடுக்கெண் 1, அதாவது பீங்கானின் பங்கு சீராக ஏறுகிறது. சராசரி 225. ஆனால் நடுநிலை அச்சு (வளையும்போது நீளாமலும் குறுகாமலும் இருக்கும் கோடு) மையத்தில் நிற்காது, தடிமனில் 11.5 சதவீதம் பீங்கான் பக்கம் நகர்ந்துவிடும். சராசரியை வைத்துப் போட்டால் வளைவு விறைப்பு, தடிமனின் மும்மடியைப் போல 18.75 மடங்கு. அச்சு நகர்ந்ததால் நீட்சியும் வளைவும் பின்னிக்கொள்வதைக் கணக்கில் சேர்த்தால் அது 15.78 ஆகக் குறைகிறது. இரு முனையிலும் தாங்கப்பட்டு ஒரு முனை நகரக்கூடிய மெல்லிய பீமில், உண்மையான தொய்வு கட்டுரையின் வழியில் வருவதைவிடச் சுமார் 19 சதவீதம் அதிகம். குணகத்தை உயரத்தால் பெருக்கித் தொகையிட்டு, குணகத்தின் தொகையால் வகுத்தால் அச்சு எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு வரிக் கணக்கு. அதைக்கூடப் போடவில்லை.

அந்த 225-ஐயும் அப்படியே நம்ப முடியாது. பாதிக்குப் பாதி கலந்த இடத்தில் நேர்விகிதக் கலவை விதி 225 தருகிறது. அலுமினியத்துக்குள் அலுமினாத் துகள்கள் என்று வைத்து, பாய்சான் விகிதம் (இழுக்கும்போது குறுக்கே சுருங்கும் அளவு) இரண்டுக்கும் 0.3 என்று, துகள் கலந்த பொருளின் குணகத்தைக் கணிக்கும் மோரி–தனகா முறையில் போட்டால் கிடைப்பது ஏறத்தாழ 144. எந்த விதி என்று சொல்லாமல் அட்டவணை போட்டால் அதை யார் சரிபார்ப்பது?

இந்த ஒரு கட்டுரை மட்டுமல்ல. முன்பு வந்தவற்றிலும் தடிமனை நான்கு அடுக்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் நடுவிலுள்ள குணகத்தைக் கொடுத்து, தொய்வு ஒத்துப்போகிறது என்று முடித்துவிட்டார்கள். மேலே சொன்ன பீமில் தொய்வு 2 சதவீதம்தான் பிசகும். பீங்கான் முகத்தின் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை, 10 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டும். விரிசல் விடுவது அந்த முகத்தில்தான். உண்மையில் இல்லாத தகைவுத் தாவலும் அடுக்கின் எல்லைகளில் தெரியும். தொகையிடலுக்கு எடுக்கும் காஸ் புள்ளிதோறும் குணகத்தைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சறுக்குத் திருத்தக் காரணி (தடிமனில் சறுக்குத் தகைவு மாறுவதைச் சரிக்கட்டும் எண்) 5/6 ஒரே பொருளாலான செவ்வகக் குறுக்குவெட்டுக்கு உரியது. அதைத் தடித்த எஃப்.ஜி.எம். தகட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். பொறியியல் அறிஞர் ஜே.என். ரெட்டியின் மூன்றாம்படித் தகட்டுக் கோட்பாடு 1984 முதல் இருக்கிறது. அதில் அந்தக் காரணியே வேண்டாம். பக்லிங், அதாவது அழுத்தத்தில் தகடு மடங்குவது, பற்றிய கணக்கு இன்னும் மோசம். விளிம்பு சுழலக்கூடிய தகட்டை மையத்தளத்தில் அழுத்தினால், நடுநிலை அச்சு அங்கே இல்லாததால், அது முதல் சுமையிலேயே வளையத் தொடங்கும்; திடீரென்று மடங்கும் நெருக்கடிச் சுமை என்று ஒன்று அங்கே கிடையாது. விளிம்பை இறுகப் பிணைத்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. விளிம்பு எப்படிப் பிடிக்கப்பட்டது என்றே எழுதாமல் நெருக்கடிச் சுமை அட்டவணை வெளியிடுகிறீர்கள்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அலுமினாவைச் சுட்டு இறுக்க வழக்கமாக 1500-க்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடுக்கிச் சூளையில் வைக்க முடியாது. தூவல் பூச்சு, ஊடுருவல் வார்ப்பு என்று வேறு வழி தேட வேண்டும். நுண்துளைகளும் எஞ்சிய தகைவுகளும் அங்கிருந்துதான் வருகின்றன. எந்தக் கட்டுரையிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். இனி வரும் அட்டவணைகளின் கீழ் கலவை விதி, அடுக்கெண், நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம், விளிம்பு நிலை ஆகிய நான்கையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்