பூட்டானுக்கு டீச்சராகப் போகும் அம்மணிக்கு

அன்புள்ள அம்மணி,

நீ புனாகாவுக்கு வேலைக்குப் போகிறாய் என்று சொல்லும்போதே சின்னம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. "அத்தனை தூரத்துல புள்ள தனியா என்ன பண்ணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். மற்ற நாளைப் பற்றிக் கவலையே வேண்டாம். சனி ஞாயிறுக்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

பள்ளிக்கூட நாளில் பிள்ளைகள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள், நோட்டுத் திருத்தி முடிக்கவே ராத்திரி ஆகிவிடும். லீவு நாள் மத்தியானம்தான் வீட்டு நினைப்பு வரும். நான் அங்கே டீச்சராக இருந்த முதல் இரண்டு மாதம் அரிசிம்பருப்பு ஆக்கித் தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். கூட வேலை பார்த்த பூட்டான் தோழிதான் ஒரு நாள் கதவைத் தட்டி, "கிளம்பு, திம்பு போகலாம்" என்றாள். கேரளத்து டீச்சர் இருவர் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேருக்கு ஒரு டாக்சி.

கோபியிலிருந்து கோயம்புத்தூர் போகிற தூரம்தான், ஆனால் மலைப்பாதை என்பதால் மூன்று மணி நேரம் பிடித்தது. நடுவில் தோச்சுலா கணவாய். உயரம் சுமார் 3,100 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637தான். 2003இல் நடந்த சண்டையில் உயிர்விட்ட வீரர்கள் நினைவாக அங்கே 108 சோர்ட்டன்கள் கட்டியிருக்கிறார்கள். சோர்ட்டன் என்றால் புத்த ஸ்தூபிதான். வானம் தெளிந்திருந்தால் பனிமலை தெரியுமாம். நாங்கள் போன அன்று நாலடி தள்ளி நின்ற தோழியே தெரியவில்லை.

திம்பு ஒரு நாட்டின் தலைநகர், ஆனால் அங்கே டிராஃபிக் சிக்னலே கிடையாது. பெரிய முச்சந்தியில் வண்ணம் தீட்டிய சின்ன மண்டபத்துக்குள் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நிற்பார். ஒரு கையை நீட்டி, இன்னொரு கையை மெல்ல மடக்கி அவர் காட்டக் காட்ட வண்டிகள் போகும். ஒரு தடவை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, சனங்களுக்குப் பிடிக்காமல் எடுத்துவிட்டார்களாம். எனக்கும் அந்தக் கைகள்தான் பிடித்தது. வேலை கற்றுக்கொண்ட கை என்று பார்த்தாலே தெரியும்.

அப்புறம் வாங்சூ ஆற்றோரம் இருக்கும் சந்தை. வார இறுதியில்தான் களைகட்டும். வேறெதை விட்டாலும் அதை விடாதே. கல் மாதிரி காய்ந்த பாலாடைக்கட்டியைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள்; பேர் சுகோ. ஒரு துண்டை வாயில் அடக்கினால் திரும்பி ஊர் வரும்வரை கரையாது. மிளகாய் அங்கே காரத்துக்கு இல்லை, அதுதான் காய்கறி. கிரா என்கிற அந்த ஊர்ப் பெண்கள் உடுப்பைக் கட்டிய ஒரு பாட்டி மிளகாய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அரைக் கிலோ கேட்டேன். நிறுத்தார், பையில் கொட்டினார், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், மறுபடி ஒரு கை அள்ளிப் போட்டார். கொசுறு! வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தையில் நம் அம்மாயி, தராசுத் தட்டு தாழ்ந்த பிறகும் ரெண்டு தக்காளியைச் சேர்த்துப் போடுவாரே, அதே மாதிரி. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அந்தப் பாட்டியை இன்னும் மறக்க முடியவில்லை.

மத்தியானம் எமா தாட்சி சாப்பிட்டோம். எமா என்றால் மிளகாய், தாட்சி என்றால் பாலாடைக்கட்டி. சிவப்பரிசிச் சோற்றோடு நன்றாகவே இருக்கும். தோமா என்று வெற்றிலை பாக்கு மடித்துத் தருவார்கள். அம்மாயி போடுகிற வெத்தலைதானே என்று நம்பி முதல் நாளே மென்றுவிடாதே. அந்தப் பாக்குக்குக் காது சுடும், குப்பென்று வேர்க்கும். சாயங்காலம் மூன்றாம் மன்னர் நினைவாக 1974இல் கட்டிய சோர்ட்டனுக்குப் போனோம். மணி உருட்டிக்கொண்டு வலம் வரும் வயசானவர்களோடு சேர்ந்து நாங்களும் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் கேரளத்து டீச்சர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்கப்புறம் நாங்கள் நால்வரும் ஒன்றாகத்தான் சமைத்தோம். மூன்று வருஷம் நான் அங்கே இருந்தது அந்த மூவரால்தான்.

அந்தத் தோழி இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். நீ வரும் தேதியைச் சொல்லிவிட்டேன். முதல் சனிக்கிழமை உன் கதவைத் தட்டுவாள். ஸ்வெட்டரை மறக்காமல் பையில் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா
கோபிசெட்டிபாளையம்