கைம்பெண்களின் மனுக்களைக் காத்துவரும் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்டின், நாஷ்வில், மான்ட்கமரி, ஜாக்சன், ராலே முதலான ஊர்களில் உள்ள மாநில ஆவணக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கான்ஃபெடரேட் தரப்பில், அதாவது பிரிந்துபோன தென்மாநிலங்களின் பக்கம் நின்ற சிப்பாய்களும் அவர்களுடைய மனைவிமாரும் போட்ட பென்ஷன் மனுக்களை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். பெரும்பகுதியை ஸ்கேன் செய்து, எந்த ஊரில் இருப்பவரும் பார்க்கும்படி திறந்தும் விட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். நிராகரிக்கப்பட்ட மனுக்களும் அதில் சேர்த்தி. தள்ளுபடி செய்த மனுவை நூறு வருஷத்துக்கு மேல் எந்த அலுவலகம் வைத்திருக்கும்? அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

என் குறை, அந்தக் கோப்புகளை நீங்கள் அறிமுகப்படுத்தும் விதம் பற்றியது. உங்கள் விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் வம்சாவளி தேடுவோருக்காக எழுதப்பட்டவை. தாத்தாவின் தாத்தா எந்த ரெஜிமென்ட், அந்தப் படைப்பிரிவுக்குள் எந்தக் கம்பெனி, எந்த வருஷம் சேர்ந்தார் என்று பார்க்க வருபவருக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் அந்தக் காகிதத்தை நிரப்பியவள் ஒரு கிழவி. அவள் எதற்காக எழுதினாள், என்னென்ன கேட்டார்கள், ஏன் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் தேடிப் பிடித்துப் படிக்கிறவருக்குத்தான் தெரியவருகிறது. மற்றவர்கள், நன்றியுள்ள ஒரு மாநிலம் தன் வீரனின் மனைவியைக் கடைசிவரை தாங்கியது என்ற நினைப்போடு போய்விடுகிறார்கள்.

தாங்கிய லட்சணத்தைப் பார்ப்போம். தன்னை எதிர்த்து ஆயுதம் தூக்கியவர்களுக்கு வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு பென்ஷன் தரவில்லை. ஆகவே அந்தந்தத் தென்மாநிலமே தன் கஜானாவிலிருந்து தர வேண்டியிருந்தது. போர் முடிந்தது 1865-ல். டென்னசி ஆண்களுக்கு 1891-லும் கைம்பெண்களுக்கு 1905-லும்தான் கதவைத் திறந்தது. டெக்சாஸ் சட்டம் 1899-ல் வந்தது. 1863-ல் விக்ஸ்பர்க் முற்றுகையில் கணவனைப் பறிகொடுத்தபோது இருபது வயதாக இருந்த பெண், முதல் மனு போடும்போது ஐம்பத்தாறு வயதுக்காரி. நடுவில் முப்பத்தாறு வருஷம் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பது அவள் பாடு.

தொகை எவ்வளவு? டெக்சாஸில் மாதம் 8 டாலருக்கு மேல் போகக்கூடாது, ஆண்டுக்கு மொத்தச் செலவு 2,50,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். கணக்குப் போட்டால் முழு எட்டு டாலர் 2,604 பேருக்குத்தான் எட்டும். இதே எட்டு டாலரைத்தான் வடக்குத் தரப்பில் செத்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு வாஷிங்டன் 1862-லேயே கொடுக்க ஆரம்பித்தது. 1886-ல் அது 12 டாலர் ஆகிவிட்டது.

அடுத்து அந்தப் படிவம். டெக்சாஸ் கைம்பெண் படிவத்தில் பெயர், வயது, கல்யாணத் தேதி, கணவனின் கம்பெனி எழுத்து, காலாட்படையா குதிரைப்படையா என்று கேட்டுக்கொண்டே வந்து, நீ நிஜமாகவே தட்டுப்பாட்டில் இருக்கிறாயா, சொத்தும் பிழைப்புக்கு வழியும் இல்லாதவளா என்று கேட்கிறார்கள். கூடவே, இந்தச் சட்டத்தின் பலனை அடைவதற்காகச் சொத்தை வேறு யாருக்காவது மாற்றி எழுதினாயா என்று ஒரு கேள்வி. ஆமாம், நான் கதியற்றவள் என்று அவள் சத்தியம் செய்ய வேண்டும், அதுவும் சொந்தக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிபதியின் முன்னால். சின்ன ஊர். அந்த அறையில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்குப் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்களாக இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களின் மனுவில் கையெழுத்து இடத்தில் பெயரை குமாஸ்தாவே எழுதி, முதல் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் அவள் கைநாட்டு. இரண்டு கோடும் ஒன்றையொன்று சரியாக வெட்டாமல் ஓரமாக நழுவிப்போன குறிகளை ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். மனுவின் மற்ற எழுத்தெல்லாம் குமாஸ்தாவுடையது, அது ஒன்றுதான் அவளுடையது.

அப்புறம் சாட்சி. கணவனோடு கூடவே படையில் இருந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். 1910 வாக்கில் அவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள், மீதிப்பேர் வேறு மாநிலத்தில். பென்ஷனை எந்த மாநிலத்தில் குடியிருக்கிறாளோ அங்கேதான் கேட்க முடியும். ஜார்ஜியா ரெஜிமென்டில் இருந்தவனின் மனைவி பிழைப்புத் தேடி டெக்சாஸ் வந்திருந்தால் ஜார்ஜியாவிலிருந்து பிரமாணப் பத்திரம் தருவிக்க வேண்டும். ஆளே கிடைக்காவிட்டால் ஒரே வழிதான் மிச்சம், வாஷிங்டன் போர்த்துறைக்கு எழுதிக் கேட்பது. 1865 ஏப்ரலில் கான்ஃபெடரேட் அரசு தன் தலைநகர் ரிச்மண்டை விட்டு வெளியேறியபோது கொண்டுபோன கான்ஃபெடரேட் படை ஆவணங்கள் சார்லட் நகரில் வடக்குத் தரப்பின் கைக்குப் போய்விட்டன. 1903 முதல் போர்த்துறை குமாஸ்தாக்கள் அவற்றைப் பெயர் பெயராக அட்டைகளில் எழுதினார்கள். தென்மாநில அலுவலகம் ஒரு தென்மாநிலக் கிழவியை நம்புவதற்கு, யாரை எதிர்த்து அவள் புருஷன் சண்டை போட்டானோ அவர்களிடமே போய் நற்சான்று வாங்க வேண்டியிருந்தது!

அந்தப் பதிலில் 'விடுப்பில்லாமல் வராதவர்' என்று ஒரு வரி இருந்தால் போச்சு. படையை விட்டு ஓடியவனின் மனைவிக்குப் பென்ஷன் கிடையாது. போர் முடியும் முன்பே அமெரிக்க அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சிறையிலிருந்து வெளியே வந்தவனையும் இதே கணக்கில் சேர்த்துப் பல மனுக்களைத் தள்ளினார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான், எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அவன் ஏன் ஓடினான்? 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. ஓராண்டுக்கு என்று போனவர்களையும் திரும்பவிடாமல் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் இருக்கும் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்றார்கள். பணக்காரன் வீட்டில் இருக்கலாம், ஏர் ஓட்டுகிறவன் போய்ச் சாகலாம். 1863 ஏப்ரலில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசே அள்ளிக்கொள்ளும் வரி. அதற்கு முந்தைய மாதம் வட கரோலினாவில் சாலிஸ்பரி பெண்கள் கூட்டமாகப் போய்க் கடைக்காரர்களிடம் மாவைப் பறித்தார்கள். ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டிலேயே பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்க, கான்ஃபெடரேட் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் தானே வந்து கலையச் சொல்ல வேண்டியதாயிற்று. வட கரோலினா ஆளுநர் செபுலன் வான்ஸுக்கு ஏழைப் பெண்கள் எழுதிய கடிதங்கள் ராலேயில் இருக்கின்றன, உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பட்டினி, அறுவடைக்கு ஆள் இல்லை, என் புருஷனை அனுப்பிவையுங்கள் என்பதுதான் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வேண்டுகோள். புருஷனுக்கும் அதையேதான் எழுதியிருப்பாள். அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோளத்தை அறுத்துப் போட்டுவிட்டுப் போனான். சிலர் திரும்பிப் போகவில்லை. படைப்பட்டியலில் விழுந்த அந்த ஒரு வரி நாற்பது வருஷம் கழித்து அவள் மனுவுக்குக் குறுக்கே வந்து நின்றது.

இந்த நிராகரிப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால், தென்னகமே ஒரே மனதாகக் கடைசிவரை நின்றது என்று சிலைகளுக்குக் கீழே பொறித்தது எவ்வளவு பொய் என்று தெரியும். ஆனால் காரணம் சொல்லித் தேட உங்கள் அட்டவணைகளில் வழியில்லை.

மறுமணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸில் இன்னொருவனைக் கட்டியிருந்தால் உரிமை போயிற்று. பென்ஷன் வாங்கும் கிழவர்களை இளம்பெண்கள் கட்டிக்கொள்கிறார்கள் என்ற பயத்தில் 1930-களில் ஆர்கன்சா சட்டத்தையே திருத்தியது. அலபாமாவில் 1927-ல் ஆல்பர்ட்டா மார்ட்டின் தன் 21-வது வயதில் 81 வயது முன்னாள் சிப்பாயைக் கட்டினார். கணவர் இறந்தபின் இவர் மறுமணமும் செய்தார். 1996-ல்தான் மாநிலம் அவருக்குப் பென்ஷன் கொடுத்தது, கௌரவம் மாதிரி. கௌரவம் கொடுக்க ஆள் கிடைத்தபோது மட்டும் விதிகள் நெகிழ்ந்தன போலும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. அடிமைமுறைக்காக என்று மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கையே தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கொடிக்காகக் கண்ணீர் விட நான் எழுதவில்லை. பென்ஷன் சட்டங்கள் வந்த அதே காலத்தில்தான் 1890-ல் மிசிசிப்பியும் 1901-ல் அலபாமாவும் புதிய அரசியலமைப்பு எழுதிக் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தன, 1902-ல் டெக்சாஸ், ஓட்டுப் போட வேண்டுமானால் கட்டியாக வேண்டிய தலைவரியைப் போட்டது. மாநில கஜானாவுக்கு வரி கட்டியவர்களில் அவர்களும் உண்டு, அதைச் செலவழிப்பதில்தான் அவர்களுக்குப் பேச்சில்லை.

அவர்களுடைய மனுக்களும் உங்களிடம் இருக்கின்றன. எஜமானோடு போர்க்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட வேலையாட்களுக்கு மிசிசிப்பி 1888-லேயே இடம் கொடுத்தது. டென்னசி 1921-ல், தென் கரோலினா 1923-ல், வர்ஜீனியா 1924-ல், வட கரோலினா 1927-ல். சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், காயம்பட்ட எஜமானை வீட்டுக்குச் சுமந்துவந்தவர்கள். இந்தப் படிவங்களின் படங்களை இன்று சிலர் பரப்பி, ஆயிரக்கணக்கான கறுப்பினத்தார் விரும்பிக் கான்ஃபெடரேட் சிப்பாய்களாக நின்றார்கள் என்கிறார்கள். கறுப்பினத்தாரைச் சிப்பாயாகச் சேர்க்கக் கான்ஃபெடரேட் காங்கிரஸ் சட்டம் போட்டதே 1865 மார்ச்சில்தான், போர் முடிய சில வாரம் இருக்கும்போது. ஸ்கேனுக்கு மேலே இரண்டு வரியில் இதை எழுதிவைத்தால் பாதிப் புரளி அடங்கிவிடும். எழுதாமல் இருப்பது நடுநிலை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி எனக்குத் தோன்றவில்லை.

ஆக, நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மனுவைத் திறக்கும்போதும், அந்த ஆண்டில் உங்கள் மாநிலத்தில் என்ன சட்டம், எவ்வளவு தொகை, யாருக்கு இல்லை என்று ஒரு சின்னக் குறிப்பு வரட்டும். வேலையாட்களின் மனுக்களில் அவர்கள் அடிமைகளாக இருந்தார்கள் என்று எழுதுங்கள். நிராகரித்த மனுக்களில் காரணத்தை வைத்துத் தேட வழிசெய்யுங்கள்: படையை விட்டுப் போனவர், சாட்சி இல்லை, சொத்து அதிகம், மறுமணம் என்று.

இதற்கு ஆள்பலம் இல்லை என்பீர்கள், நியாயம்தான். ஆனால் உங்கள் வாசிப்பறைகளுக்கு வம்சாவளி தேடி வருகிறவர்கள் பழைய கையெழுத்தைப் படிப்பதில் கைதேர்ந்தவர்கள், நேரமும் உள்ளவர்கள். தாத்தாவின் ரெஜிமென்டைக் கண்டுபிடித்த கையோடு பாட்டியின் மனுவில் கடைசிப் பக்கத்தையும் தட்டச்சு செய்து தரும்படி அவர்களைக் கேளுங்கள். முடிவும் காரணமும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேன்களின் வாசகர் ஒருவர்