நீருக்கடியில் நின்ற டாங்கியிலிருந்து மீண்டவனின் நன்றி மடல்

எங்களைப் பயிற்றுவித்த ஆசிரியரான மதிப்பிற்குரிய உஸ்தாத் அவர்களுக்கும், அன்று கால்வாய்க் கரையில் காவல் நின்ற முக்குளிப்போருக்கும், மீட்பு ஊர்திக் குழுவினருக்கும், என்னுடன் டாங்கிக்குள் இருந்த இருவருக்கும் வணக்கம்.

பஞ்சாபில் நடந்த ஆழ்நீர்க் கடப்புப் பயிற்சியில் எங்கள் டி-72 டாங்கியின் எஞ்சின் நடுக்கால்வாயில் நின்றுபோனதையும், மூவரும் உயிருடன் கரையேறியதையும் நீங்கள் அறிவீர்கள். 2024 ஜூன் 28 இரவில், கிழக்கு லடாக்கின் சாசர் பிராங்சா அருகே ஷ்யோக் ஆற்றில் திடீரென வெள்ளம் பெருகி, டி-72 டாங்கியில் இருந்த நம் வீரர்கள் ஐவர் உயிரிழந்த செய்தியைப் படித்தது முதல், உங்களுக்குச் சொல்லாமல் விட்ட நன்றி என் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

காற்றுக்குழாய் பொருத்திய டி-72, 5 மீட்டர் ஆழம் வரை நீரின் அடியில் ஊர்ந்து கடக்க வல்லது. ஓட்டுநருக்கு வெளியே எதுவும் தெரியாது. திசைகாட்டும் கருவியையும் ரேடியோவில் வரும் குரலையும் நம்பி, கியர் மாற்றாமல், நிற்காமல் செலுத்த வேண்டும். எஞ்சின் நின்று, கயிறு கட்டி இழுக்கவும் இயலாமற்போனால், டாங்கிக்குள் நாமே நீரை நிரப்பிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆழத்தில் டாங்கியின் கூரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் நீர் நிற்கும். அரை மீட்டர் அகலமுள்ள வட்ட மூடியை அது 500 கிலோவுக்கும் கூடுதலான பாரத்துடன் அழுத்துவதால், உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும் வரை யாராலும் அதைத் திறக்க முடியாது. முழங்கால், மார்பு, கழுத்து என்று நீர் ஏறித் தலையை மூடும்வரை, அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். தப்பி ஓடத் துடிக்கும் உடலை அப்படி அமர்த்தி வைப்பது துணிச்சலால் மட்டும் ஆகிற காரியமன்று, பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்தைத் தந்தவர் நீங்கள், உஸ்தாத். பயிற்சித் தொட்டியில் விளக்கை அணைத்துவிட்டு, தாழ்ப்பாளைக் கையால் தடவியே கண்டுபிடிக்கும்படி எங்களை மீண்டும் மீண்டும் இறக்கினீர்கள். நாம் வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் கொண்டே பிராணவாயுவைத் தரும் சுவாசக் கருவியை, பதறி வேகமாக மூச்சிழுக்காமல் பயன்படுத்தப் பழக்கினீர்கள். அன்று உங்கள் கண்டிப்பை மனத்துக்குள் வெறுத்தவர்கள் எங்களில் பலர். இன்று என் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருப்பது அந்தக் கண்டிப்பினால்தான்.

எங்கள் டாங்கியின் கமாண்டர் அவர்களே, பீரங்கிக் குழல் ஓட்டுநரான என் மூடிக்கு நேர்மேலே நின்றுவிட்டால் அந்த மூடி திறக்காது என்பதால், நீரில் இறங்குமுன் குழலின் நிலையை நீங்களே சரிபார்த்துப் பூட்டினீர்கள். நான் வெளிவந்த வழி அப்போதே திறக்கப்பட்டுவிட்டது. இருட்டில் என் தோளைப் பற்றி மேலே இழுத்த முக்குளிப்பு வீரரே, உங்கள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. மீட்பு ஊர்தியினரும், நடுங்கிய எங்களைக் கம்பளியில் சுற்றி இரவெல்லாம் உடனிருந்த நர்சிங் அசிஸ்டென்ட் அவர்களும் என் நன்றியை ஏற்க வேண்டுகிறேன்.

உங்களில் எவரேனும் எங்கள் ஊர்ப் பக்கம் வர நேர்ந்தால், என் வீட்டில் ஒரு வேளை உணவருந்திச் செல்ல வேண்டும் என்று குடும்பத்தார் அனைவரும் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற டாங்கி ஓட்டுநர் ஒருவர்