ஒட்டுப் போட்ட படிக்கட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகள் ஹோட்டல்களாக மாறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹோட்டல் ஆகிவிட்டாலே ஒரு பழைய வீடு செத்துவிட்டது என்கிற வருத்தம் கட்டுரை முழுக்க இருந்தது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் முழுதாக ஏற்க முடியவில்லை. போன ஜூன் மாதம் இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் நானும் என் மனைவியும் நான்கு நாள் தங்கிய ஹோட்டல்தான் அதற்குக் காரணம்.

மகள் அங்கே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். அவள் வீடு சின்னது என்பதால் எங்களுக்கு நல்ல ஹோட்டலாகப் பார்த்து அறை போட்டாள். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். புதுப்பித்துத் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் 31 வருஷம் பொதுப்பணித் துறையில் கட்டட வேலை பார்த்தவன். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் தரைக்கும் படிக்கட்டுக்கும்தான் போகும்.

லிஃப்ட் இருந்தும் முதல் நாளே படியேறினேன். ஐந்து மாடிக்கும் கறுப்புச் சிலேட்டுக் கல் படிகள். ஜெனோவாவுக்குக் கிழக்கே லவாஞ்ஞா என்ற ஊர்ப்பக்கத்துக் கல் இது. இத்தாலிய மொழியில் கரும்பலகைக்கு அந்த ஊர்ப் பெயர்தான் பெயர். நூறு வருஷத்துக்கு மேல் மிதிபட்டு ஒவ்வொரு படியும் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. புதுப்பித்தவர்கள் அவற்றைப் பெயர்க்கவில்லை. விளிம்பு உடைந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கல்லில் உள்ளங்கை அளவுத் துண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து தடவிப் பார்த்தேன். இணைப்பு விரலில் தட்டவே இல்லை. ஆனால் பழைய கல் வெளுத்துப்போயிருக்க, புதுக் கல் கருகருவென்று இருப்பதால் பார்த்தால் தெரிகிறது. சாயம் பூசி அதை மறைக்கவில்லை. சேர்க்கிற பகுதி மொத்தத்தோடு இசைந்து போக வேண்டும், அதே சமயம் பழசு எது புதுசு எது என்று பிரித்துப் பார்க்கவும் முடிய வேண்டும் என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1964-இல் வெனிஸில் வகுத்த சாசனம் சொல்கிறது. வேலையில் இருந்தபோது காகிதத்தில் படித்ததை அன்றைக்குத்தான் காலடியில் பார்த்தேன்.

ஜன்னல்களிலும் அதே கவனம். ஜெனோவாவின் பச்சை மரக் கதவுகளில் கீழ்ப்பகுதி மட்டும் தனியாக வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும். கதவைச் சாத்திவிட்டு அதை மட்டும் தள்ளி வைத்தால் வெயில் வராது, காற்று வரும், கீழே சந்தில் போகிறவர்களையும் பார்க்கலாம். ஏசி அறைக்கு இது எதற்கு என்று கழற்றிப் போட்டிருக்கலாம். உள்ளே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டு, வெளியே பழைய கதவையே பழுது பார்த்து மாட்டியிருக்கிறார்கள். ஜூன் மத்தியானத்தில்கூட நாங்கள் ஏசி போடவில்லை.

வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது அந்த ஊரில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. ஜெனோவா அப்போது குடியரசு. மன்னரும் இல்லை, மன்னருக்கான அரண்மனையும் இல்லை. அதனால் 1576-இல் அதன் செனட் சபை, பிரபுக்களின் மாளிகைகளை வகுப்பு பிரித்துப் பட்டியல் போட்டது. அரசு விருந்தாளி வந்தால் அவர் தகுதிக்கேற்ற வகுப்பில் சீட்டுக் குலுக்கி வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வீட்டுக்காரர் தங்கவைத்தே ஆக வேண்டும். ரோல்லி மாளிகைகள் என்ற அவற்றில் 42-ஐ 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒன்றில் இன்று மாநகராட்சி நடக்கிறது, வேறு சில அருங்காட்சியகங்கள். ஆள் புழங்குவதால்தான் அவை நிற்கின்றன என்பது என் எண்ணம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். குளியலறையை மட்டும் முழுக்கப் புதுமோஸ்தரில் கட்டிவிட்டார்கள். விளிம்பில்லாத ஷவர், பாதிக் கண்ணாடித் தடுப்பு, வழவழவென்று பெரிய டைல்ஸ். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி இரண்டாம் நாள் காலை வழுக்கி, நல்லவேளையாக வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள். இத்தாலிய ஹோட்டல்களில் ஷவர் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், ஆபத்துக்கு இழுக்க. அதை இழுத்ததும் ஒரு பெண் ஓடிவந்து பார்த்துவிட்டு, ரப்பர் விரிப்பு கொண்டுவந்து போட்டார். அன்பானவர்கள்தான். ஆனாலும் கல்லுக்குக் காட்டிய அக்கறையைக் குளிக்கிற மனுஷிக்கும் காட்டியிருக்க வேண்டும் என்று கிளம்பும்போது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இத்தாலியப் பளிங்கு பதித்த எத்தனையோ வீடுகள் இங்கே பூட்டிக் கிடக்கின்றன. தூணும் நிலைக்கதவும் கழன்று பழைய சாமான் கடைக்குப் போகின்றன. வாரிசுகள் பத்து ஊரில் பிரிந்திருக்கும் வீட்டுக்கு ஹோட்டல் என்பது பிழைக்கிற ஒரு வழி. அதனால் உங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒவ்வொரு ஹோட்டலாக உள்ளே போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். உடைந்த ஆத்தங்குடிக் கல்லை மட்டும் மாற்றினார்களா, கூடம் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்களா? பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தார்களா, சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தார்களா? குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். அவர் காரைக்குடிக்கு வந்தால் நானும் கூடவே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்,
காரைக்குடி