வடை வந்து சேர்ந்ததோ?

நெல்லியடி

அன்புள்ள பிள்ளைக்கு,

பஸ்ஸிலை குடுத்துவிட்ட பருத்தித்துறை வடை வந்து சேர்ந்ததோ எண்டு அம்மா கேக்கச் சொன்னவ. மூண்டு கிழமையாய் உன்ர சத்தத்தைக் காணேல்லை. வேலையாக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

இஞ்சை மழை விடேல்லை. கிணத்திலை கையாலை தண்ணி அள்ளலாம். வயலுக்குப் போறவையைப் பாக்க எனக்கு 2024 மார்கழிதான் ஞாபகம். ஆக்கள் காய்ச்சலிலை செத்துக்கொண்டிருக்க, என்ன வருத்தமெண்டு தெரியாமல் ஊரே பயந்துபோய்க் கிடந்தது. வயல் தண்ணியாலை தொத்துற எலிக்காய்ச்சலெண்டு பிறகுதானே உறுதியானது. அதுவரைக்கும் வாட்டிலை நிண்ட டொக்டர்மார் பேர் தெரியாத வருத்தத்துக்குத்தான் வைத்தியம் செய்தவை.

உன்னட்டை டொக்டருக்குப் படிக்கிற மேற்கு வளவுப் பிள்ளை லீவிலை வந்தவள். வாட்டிலை ஒரு நோயாளியைப் பாத்திட்டு, படிக்கிற பிள்ளையளுக்கு முன்னாலை, "எனக்கு இன்னும் பிடிபடேல்லை, காலமை திரும்பப் பாப்பம்" எண்டு சொன்னனியாம். படிப்பிக்கிறவள் அப்பிடிச் சொல்லலாமோ எண்டு எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஆனால் அண்டைக்கு இரவு பத்து மணிக்கும் நீ அந்தக் கட்டிலடியிலை நிண்டனியாம். அம்மா அதை ஒழுங்கை முழுக்கச் சொல்லியாச்சு.

கொண்ணனும் உன்ர வாட்டிலை ஒரு டெங்குப் பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னவன். டெங்குவிலை காய்ச்சல் விட்டு, தாய் ஆறுதலாய் மூச்சு விடுற நேரம்தான் பயம் எண்டு எனக்கும் தெரியும். மிச்சத்தை நான் கேக்கேல்லை. சாப்பாட்டை மட்டும் விடாதை.

95ஆம் ஆண்டுச் சண்டையிலை வந்த இடம்பெயர்வு. நீ கைக்குழந்தை. கொடிகாமத்திலை பள்ளிக்கூட விறாந்தையிலை ஒரு வாங்கு போட்டு மருந்து குடுத்தனான். ரத்தம் பாக்க வழியில்லை, காய்ச்சலெண்டால் மலேரியா, மலேரியா எண்டால் குளோரோகுயின். ஒரு தாய் நாலு வயதுப் பெடியனைக் கொண்டுவந்து, "மலேரியாதானே ஐயா?" எண்டு கேட்டா. "வேறை என்ன" எண்டனான். அவன் தலையைப் பின்னுக்குச் சரிச்சபடி கிடந்தவன். மூளைக்காய்ச்சலோ எண்டு கழுத்தை ஒருக்கால் வளைச்சுப் பாக்கேல்லை. வரிசை நீளம் எண்டு எனக்கே சொல்லிக்கொண்டன். அதில்லைப் பிள்ளை. தெரியாது எண்டு சொல்ல வெக்கம்.

மூண்டாம் நாள் தேப்பன் வந்தார். கடதாசிச் சரையிலை மிஞ்சின குளிசையள். "வேறை பிள்ளைக்கு உதவும் ஐயா" எண்டு வாங்கிலை வைச்சிட்டுப் போனார். அதை நான் வேறை பிள்ளைக்குக் குடுத்தனான்தான். மருந்துத் தட்டுப்பாடு.

இது கொம்மாவுக்குத் தெரியாது.

ஞாயிறு இரவு எட்டுக்குப் பிறகு எடு. அவ படுத்திடுவா. நான் ஃபோனோடை முத்தத்திலை இருப்பன்.

அப்பா